பாடும் நிலையாணையும்



ஓரளவு பெரிய நிறுவனம் எதுவானாலும் இன்று பணியாளர் கையேடு ஒன்றை வைத்திருக்கிறது. வேலையில் சேரும் அன்று அந்தப் பக்கங்களை நீட்டி, கடைசித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு, என்ன செய்தால் முதலாளியின் கையேடு சட்டத்தின்முன் நிற்கும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பழவேற்காட்டை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு விதி எழுதுவது எப்படி என்பதை அந்த ஊர்கள் ஆலைகளுக்கு முன்பே அறிந்திருந்தன.

இடத்தை அறியாதவர்களுக்காக ஒரு சொல். சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வட்டத்தில், மீஞ்சூர் ஒன்றியத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. தென்கோடியும் முகத்துவாரமும் நம் பக்கம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம், தெற்கே அனல் மின்நிலையங்களும் துறைமுகங்களும், மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. நடுவில் கடலையும் ஏரியையும் நம்பிய குப்பங்கள்.

முகத்துவாரத்தை ஒட்டிய தண்ணீர் இறாலுக்குப் பேர்போனது. கடலிலிருந்து ஏரிக்குள் ஏறும் குஞ்சும், வளர்ந்து கடலுக்குத் திரும்பும் இறாலும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் சுத்துவலை கட்ட இறங்கினால் யாருக்கும் பாடு தேறாது, அடிதடிதான் மிஞ்சும். அதைத் தவிர்க்க ஏற்பட்டதே பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் தலைமுறைகளாக நடத்திவரும் ஏற்பாடு அது. மணமான ஆணுக்குத் தலைக்கட்டு உரிமை உண்டு. எந்த நாளில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், யார் வலை கட்டலாம் என்பது முறை வைத்துச் சுற்றிவரும். நல்ல இடம் இன்று உனக்கென்றால் அடுத்த முறை எனக்கு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும், தண்டம் விதிக்கும். பிரிட்டன் ஆய்வாளர் சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறையையும், ஏரியின் நிலை மாறமாற அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் விரிவாக எழுதினார்.

பாடு முறையில் என்னைக் கவர்வது அதன் பழமையல்ல. வலை கட்டப் போகிறவனுக்கு விதி முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அது அவன் பேசும் மொழியில் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் அவன் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில்தான் மாற்ற முடியும். பஞ்சாயத்தார் தமக்குத் தோன்றியபடி ஒருநாள் காலையில் வரிசையைக் கலைத்துவிட முடியாது.

குறையும் சொல்லியாக வேண்டும். பாட்டில் பெண்ணுக்கு இடமில்லை. ஏரியில் கையால் தடவி இறால் பொறுக்கிப் பறியில் போடும் இருளர் குடும்பங்களுக்கும் இடமில்லை. பிற சமூகத்தாரும் பிற ஊர்களும் பங்கு கேட்டபோது தகராறு மூண்டு, காவல் துறையும் வருவாய்த் துறையும் நடுவில் வரவேண்டியிருந்தது. உள்ளே இருப்பவருக்கு நேர்மையான விதி, வெளியே இருப்பவருக்குப் பூட்டிய கதவாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிற்சாலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நடுவில் இருப்பதும் இதே கதவுதான்.

இனி ஆலைக்கு வருவோம். சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வேலை விதி என்பது மேஸ்திரியின் வாய். எத்தனை மணிக்குக் கதவு சாத்தப்படும், எதற்கு எவ்வளவு அபராதம், எப்போது சீட்டுக் கிழியும் என்பதெல்லாம் அந்த வாயிலிருந்து வருவதுதான். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்கும், திரு.வி.க. அதில் முன்னின்றதற்கும் பின்னணி இந்த நிச்சயமின்மைதான். மீனவக் குடும்பத்தில் 1860இல் பிறந்து வழக்கறிஞரான சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். குப்பத்துப் பிள்ளை ஒருவர்தான் இந்த நாட்டுக்கு மே தினத்தைக் கொண்டுவந்தார் என்பதை, இங்கே உட்கார்ந்திருக்கும் குப்பத்து மாணவர்களுக்காக ஒருமுறை உரக்கச் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக வந்தது 1946ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம். அதன் முகவுரை முதலாளியிடம் இரண்டு காரியம் கேட்டது. வேலை நிபந்தனைகளை ஐயத்துக்கு இடமில்லாமல் வரையறுக்க வேண்டும். வரையறுத்ததைத் தொழிலாளிக்குத் தெரியப்படுத்த வேண்டும். எவை வரையறுக்கப்பட வேண்டும் என்று ஒரு பட்டியலும் தந்தது: நிரந்தரம், தற்காலிகம், தகுதிகாண் பருவம் என்னும் வகைப்பாடு, வேலை நேரம், ஷிப்டு, சம்பள நாள், விடுப்பு, எந்த வாசலில் நுழைவது, எது ஒழுங்கீனம், எப்படி விசாரணை, முதலாளி அநியாயம் செய்தால் எங்கே முறையிடுவது. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பல கையேடுகளில் ஒழுங்கீனப் பட்டியல் நான்கு பக்கம் ஓடும். முறையீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கும். சட்டம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்தது.

நிலையாணை என்னும் இந்த விதிகளுக்கு முதலாளி வரைவு எழுதுவார். சான்றளிக்கும் அலுவலர் அதைத் தொழிற்சங்கத்துக்கு அனுப்புவார். சங்கம் இல்லையென்றால் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. ஆட்சேபம் கேட்ட பிறகே சான்று. தொடக்கத்தில் அந்த விதிகள் நியாயமானவையா என்று பார்க்கும் அதிகாரம் அலுவலருக்கு இருக்கவில்லை. 1956இல் செய்த திருத்தம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் முறை பேசித் தீர்ப்பதை நாகரிகமற்ற பழக்கம் என்று நினைப்பவர்கள், நாட்டின் சட்டமே இதற்கு இணையான ஒரு நடைமுறையை 1946இல் கட்டாயமாக்கியதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. சான்று பெற்ற நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், அவர்களில் பெரும்பாலோர் நுழையும் வாசலிலோ அதற்கு அருகிலோ தனிப் பலகையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றது. நிர்வாகத்தின் கார் நுழையும் வாசல் அந்தப் பலகைக்கு உரிய இடமில்லை. விதி எழுதியவர் யாரோ தொழிற்சாலை வாசலில் நின்று, காலை ஷிப்டுக்கு ஆட்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறார். நடைமுறையில் நான் கண்ட பலகைகள் பல வேறுவிதமானவை: கண்ணாடிக் கதவு, அதற்கொரு பூட்டு, உள்ளே வெயிலில் மஞ்சளித்த ஆங்கிலத் தாள், எழுத்தளவு நாளிதழின் வரி விளம்பரத்தைவிடச் சிறியது. பலகை இருக்கிறது என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டு போய்விடலாம். சட்டம் கேட்டது நிறைவேறியதா என்றால், இல்லை.

கையேட்டுக்கும் நிலையாணைக்கும் என்ன உறவு என்பதில் பணியாளர் துறை அதிகாரிகள் பலரிடம் குழப்பம் இருக்கிறது. சான்று பெற்ற நிலையாணை சட்டத்தின் வலுவோடு நிற்பது. கையேடு நிர்வாகத்தின் சொந்த ஆவணம். இரண்டும் முரண்பட்டால் கையேடுதான் விழும். தொழிலாளி கையெழுத்துப் போட்டிருந்தாலும் விழும். 1973இல் விம்கோ தீப்பெட்டி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வடசென்னைக்காரர்களுக்கு விம்கோ நகர் தெரியும். வழக்கு அதே நிறுவனத்தின் வடநாட்டு ஆலையில் எழுந்தது. நிலையாணைப்படி தகுதிகாண் பருவம் இரண்டு மாதம். நியமனக் கடிதத்தில் ஆறு மாதம் என்று எழுதி ஒப்பமும் வாங்கிவிட்டார்கள். அந்த ஒப்பம் செல்லாது என்றது நீதிமன்றம். தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி விதியைக் கரைக்கலாம் என்றால், விதி எழுதியதன் பயன் என்ன?

இன்னொரு வாசகமும் இந்தக் கையேடுகளில் தவறாமல் வருகிறது: காரணம் எதுவும் கூறாமல் நிர்வாகம் எந்த நேரத்திலும் பணியிலிருந்து நீக்கலாம் என்பது. 1986இல், மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழக வழக்கில், அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் இப்படி வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. பேரம் பேசும் வலு சற்றும் இல்லாதவனிடம் வாங்கிய இணக்கம் இணக்கமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தனியார் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் நம் மாநிலத்திலேயே 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. முன்னறிவிப்புக்குப் பதில் சம்பளம் தரலாம். வேறு நாட்டுக் கையேட்டை அப்படியே பிரதியெடுத்து முத்திரை குத்தும் நிறுவனங்கள் இந்தப் பிரிவை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என் மேசையில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் சட்ட ஆலோசனை கேட்க வந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் அடையாள அட்டைகளை எடுத்துச் சீட்டு விரிப்பதுபோல வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் அவர் படம்தான். முதல் அட்டையில் மீசை அரும்பிய முகம். கடைசி அட்டையில் காதோரம் நரை. வேலை அதே வேலை, இடம் அதே இடம், சூப்பர்வைசரும் அதே ஆள்தான். மாறியது அட்டையின் மேல்வரியில் இருந்த கான்ட்ராக்டர் பெயர் மட்டும். ஒவ்வொரு பெயர் மாற்றத்தின்போதும் புதிதாகச் சேர்ந்ததாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். “சார், நான் இங்க எத்தனை வருஷமா வேல செய்றேன்னு காட்ட எங்கிட்ட இருக்கறது இதுதான்” என்றார்.

அட்டையில் பெயர் ஏன் மாறுகிறது என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. தமிழ்நாடு 1981இல் ஒரு சட்டம் இயற்றியது: தொழில் நிறுவனங்களில் பணிபுரியும் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 480 என்ற எண்ணைக் கண்டு அஞ்சும் நிர்வாகங்கள் நாளை எண்ணுவதற்குப் பதிலாகக் கான்ட்ராக்டரை மாற்றுகின்றன. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் அந்தத் தொழிலாளி முதன்மை நிறுவனத்தின் தொழிலாளியே என்று 2001இல் செயில் உருக்கு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் யாரும் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டது. ஆக நிரூபிக்கும் சுமை, சட்டைப் பையில் அட்டைகளைச் சேர்த்துவைத்த அந்த மனிதரின் தலையில். அவர் அவற்றைத் தூக்கிப் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

இந்த வட்டாரத்தில் இது ஒரு தனிமனிதரின் கதை இல்லை. துறைமுகங்களுக்கும் ஆலைகளுக்கும் கரையையும் மீன்பிடி இடத்தையும் விட்டுக்கொடுத்த ஊர்கள் பதிலுக்கு எதிர்பார்த்தது நிரந்தர வேலை. கடலில் சொந்தக் கணக்கில் தொழில் செய்தவன் கூலிக்குப் போக ஒப்புக்கொண்டானென்றால், சம்பளமாவது நிச்சயம் என்ற நம்பிக்கையில்தான். அந்த நிச்சயத்தைத் தராத கையேடு, எத்தனை வழவழப்பான தாளில் அச்சிட்டிருந்தாலும், அவனுக்கு எதையும் தரவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் அவை நிற்கின்றன. 1946ஆம் ஆண்டின் சட்டமும் அந்த 29இல் ஒன்று. வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று தொகுப்புகள் சொல்வதை மனதார வரவேற்கிறேன். ஆனால் நிலையாணைக்கான வரம்பு 100 பேர் என்றிருந்தது 300 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 ஆனது. கும்மிடிப்பூண்டியிலும் மீஞ்சூரிலும் 300 பேருக்குக் கீழ் வைத்து நடக்கும் ஆலைகள் எத்தனை என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் பார்வையில் இது பின்னோக்கி எடுத்து வைத்த அடி. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: தொகுப்புகள் நீக்கியது மத்தியச் சட்டங்களை. நம் சட்டமன்றம் இயற்றிய 480 நாள் சட்டமும், கடைகள் சட்டமும், 1958ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டமும் அந்த 29இல் இல்லை. மாநிலம் உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் அதே ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

1958ஆம் ஆண்டின் அந்த விடுமுறைச் சட்டத்தைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கட்டாயம். மேலும் ஐந்து பண்டிகை நாட்கள், முதலாளியையும் தொழிலாளரையும் கலந்துபேசி முடிவாக வேண்டும். பழவேற்காட்டில் மகிமை மாதா திருவிழா உண்டு, அம்மன் கோயில் திருவிழா உண்டு, ஊரின் பழைய பள்ளிவாசல்களைச் சார்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பெருநாட்கள் உண்டு. தலைமை அலுவலகத்தில் இருந்து வரும் ஒரே பட்டியலை ஒட்டிவிட்டு, திருவிழாவன்று வராதவனுக்கு ‘அனுமதியின்றி வராமை’ என்று மெமோ கொடுப்பது சட்டம் கேட்ட கலந்துபேசுதல் ஆகாது.

வராமை என்ற சொல்லை இந்தக் கரையில் கவனமாகக் கையாள வேண்டும். மாதிரி நிலையாணைகளின்படி பத்து நாளுக்கு மேல் விடுப்பின்றி வராதது ஒழுங்கீனம். அடிக்கடி வராமலிருப்பதும் ஒழுங்கீனம். புயல் எச்சரிக்கை வந்தால் குப்பத்தில் படகைக் கரையேற்றவும், வலையைக் காக்கவும், வயதானவர்களை முகாமுக்குக் கொண்டுபோகவும் இளைஞர்கள் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் உலுக்கியபோது தண்ணீருக்குள் நின்ற ஊர்களிலிருந்து யார் ஷிப்டுக்கு வந்திருக்க முடியும்? பாடு முறை வரும் நாளில் அப்பாவுக்குத் துணையாக ஏரியில் இறங்க வேண்டிய பிள்ளைக்கு அந்த நாள் பல வாரம் முன்பே தெரியும். கேட்டால் சொல்லிவிடுவான். பேரிடர் விடுப்பு என்று ஒரு வரி, முன்கூட்டிச் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொள்ள ஒரு வரி: இந்த இரண்டையும் கையேட்டில் சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. எந்தப் பணியாளர் துறை அதிகாரியும் குப்பத்துப் பெரியவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் இதை எழுதிவிடலாம்.

ஒழுங்கீனம் என்று சொல்லிப் பணியிடை நீக்கம் செய்தாலும் வயிற்றை நீக்க முடியாது. விசாரணை முடியும்வரை தொழிலாளிக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும் என்று 1981இல் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் செய்தது. முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடித்தால் செலவு நிர்வாகத்துக்குத்தான் என்று செய்துவைத்த நல்ல ஏற்பாடு. இதையும் தமிழில் அச்சிட்ட கையேட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடலில் நடக்கும் வேலைக்கு வருவோம். படகுக்காரரிடம் ஆளாகப் போகிறவருக்குச் சம்பளம் இல்லை, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் உரியது போக மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். பங்குக்குப் போகிறவர் தொழிலாளியா, கூட்டாளியா? 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த தாராங்கதரா இரசாயன ஆலை வழக்கு இங்கே உதவும். சௌராஷ்டிர உப்பளத்தில் அகாரியா மக்கள் குடும்பத்தோடு உழைத்தார்கள். கூலி நாட்கணக்கில் இல்லை, விளைந்த உப்பின் எடைக்கு ஏற்ப. பருவம் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். இவர்கள் ஒப்பந்தக்காரர்கள் என்றது நிறுவனம். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை யார் கட்டுப்படுத்துகிறார் என்று பார்த்த நீதிமன்றம், அவர்கள் தொழிலாளர்களே என்றது. விளைச்சலைப் பொறுத்துக் கூலி வருவதால் மட்டும் ஒருவர் தொழிலாளி இல்லை என்றாகிவிடாது. சொந்தக்காரர்கள் சேர்ந்து போகும் சிறு படகுக்கு இதைப் பொருத்த வேண்டிய தேவையில்லை. கரையில் இருந்தபடி பல படகுகளை நடத்தும் முதலாளிக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். 2007ஆம் ஆண்டின் மீனவர் நலச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம் விபத்துக்கும் படிப்புக்கும் உதவுகிறது, நல்லது. யார் முதலாளி என்ற கேள்விக்கு அது விடை தராது.

முன்பணம் என்பது இன்னும் கசப்பான விஷயம். பசியைக் காட்டி மனிதரைக் கட்டிப்போடுவதில் இந்தக் கரைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் துணியும் வெடிமருந்தும் மட்டும் ஏற்றவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களில் வயிற்றுக்கில்லாமல் விலைபோன ஆயிரக்கணக்கான மனிதர்களையும் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். கோட்டை மண்மேடாகிவிட்டது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுவந்து விடுவிப்புச் சான்று கொடுத்த செய்திகளை இந்த நூற்றாண்டிலும் படிக்கிறோம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குச் சங்கிலி தேவையில்லை. முன்பணத்தைக் காட்டி, வேறு இடத்தில் வேலை செய்யவும் வேறு ஆளிடம் விற்கவும் தடுத்தாலே போதும். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் வேலை வாங்கினாலே அது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு. ஏரியில் இறால் பொறுக்கும் பெண்ணுக்கு முன்பணம் கொடுத்து, பொறுக்கியதை எனக்கே தர வேண்டும், நான் வைத்ததே விலை என்று சொல்லும் வியாபாரி தன்னை முதலாளி என்று நினைப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் அதைவிட மோசமான இடத்தில் நிற்கக்கூடும்.

குப்பத்துப் பெண்பிள்ளைகள் பலர் இன்று பொன்னேரியிலும் சென்னையிலும் துணிக்கடைகளில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் நம் சட்டமன்றம் கடைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை வைப்பதைக் கட்டாயமாக்கியது. கேரளத்தை அடுத்து இதைச் செய்தது தமிழ்நாடு. ஸ்டூல் போட்ட கடைகளைப் பார்க்கிறேன். உட்கார்ந்த பெண்ணை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்று கையேட்டில் எழுதி, மேற்பார்வையாளருக்கும் அதைப் படித்துக் காட்டினால்தான் இருக்கை பயன்படும்.

கடைசியாக, பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் தொல்லை பற்றிய 2013ஆம் ஆண்டின் சட்டம். 1997இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பிலிருந்து பிறந்தது அது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், பெண் ஒருவர் தலைமையில். குழுவின் விவரத்தையும் தண்டனையையும் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். இவற்றைப் பெரிய நிறுவனங்கள் ஓரளவு செய்துவிடுகின்றன. இறால் தோலுரிக்கும் கொட்டகையிலும், நண்டு எடை போடும் கூடத்திலும், ஐஸ் உடைக்கும் இடத்திலும் நான்கைந்து பெண்கள் வேலை செய்வார்கள். அங்கே உள்ளகக் குழு வராது. அவர்களுக்காக மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு வேண்டும் என்கிறது சட்டம். முதலாளியின் மீதே புகார் என்றாலும் அங்கே போகலாம். மாவட்டத் தலைநகர் வரை போக முடியாதவர்களுக்காக, ஒவ்வொரு வட்டாரத்திலும் புகாரை வாங்கிக்கொள்ள ஒரு தொடர்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும், அவர் ஏழு நாளுக்குள் அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்துக்குரிய அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய தமிழ் எழுத்தில், தோலுரிக்கும் பெண்கள் கைகழுவும் குழாய்க்கு எதிரே ஒட்டப்பட வேண்டும். கொட்டகை நடத்துகிறவர்கள் இதை இந்த வாரமே செய்யலாம். அவர்கள் செய்யாவிட்டால், இந்த அவையில் இருக்கும் சட்ட மாணவர்கள் பேருந்து ஏறிப் போய்ச் செய்யலாம்.